பேரிங் போன ஆல்பம்

யாரும் மதிக்காத ஒரு ஹார்ட்கோர் பங்க் ஆல்பத்தின் மேல் எனக்குத் தீராத பைத்தியம். ஏதோ ஒரு வெளிநாட்டுத் தொழிற்சாலை ஊரில் நான்கு பையன்கள் தொண்டை கிழியக் கத்திப் போட்டது. அந்த ஒன்றோடு கலைந்துவிட்டார்கள். மொத்த ஆல்பமும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதைக்கூட எனக்குத் தெரிந்து ஒருவரும் முழுசாகக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் சண்டை என்று நினைத்து என் மனைவி முதல் பாட்டிலேயே ஜன்னலைச் சாத்தினாள். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, கடைசிவரை கேட்டால் போதும் என்று கிடந்தேன்.

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் தகடு வெட்டித் தரும் கடையில் பில் போடுவது என் வேலை. ஒருநாள் காலை மெஷினுக்குப் பின்னால் இருந்த பலகையில் ப்ளூடூத் ஸ்பீக்கரை வைத்து ஆல்பத்தைப் போட்டேன். முதல் கத்தல் வந்ததுதான் தாமதம், மெஷின் ஓட்டும் என் தோஸ்து ஓடிப்போய் மெயினை அணைத்தான். மெஷினுக்கு என்ன நோவு என்று காதை வைத்தே சொல்கிற ஊர் எங்களுடையது. உள்ளே பேரிங் தேய்ந்து போய்விட்டது, அதுதான் அலறுகிறது என்றான்.

மெயினை அணைத்தும் சத்தம் நிற்கவில்லை. கரன்ட் இல்லாமல் அலறுகிற மெஷினை முதலாளி வந்து பார்த்தார். பூஜைக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து மெஷினுக்குச் சுற்றிப்போட்டார். லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். டிரம்ஸ் எகிறிய இடத்தில் கற்பூரம் காட்டினார்கள். உண்மையைச் சொன்னால் பாட்டை நிறுத்திவிடுவார்கள். இவ்வளவு பயபக்தியோடு அதை யாரும் கேட்டதே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

தோஸ்துக்கு எலுமிச்சம்பழத்தில் நம்பிக்கை இல்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பதுபோல் நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையால் மெஷினை இடம் இடமாகத் தொட்டுக்கொண்டே பலகைவரை வந்துவிட்டான். முனை ஸ்பீக்கரில் பட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான். உதைதான் என்று நினைத்தேன். அவனோ ஸ்க்ரூடிரைவரை எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, கடைசிப் பாட்டு முடியும்வரை அப்படியே நின்றான்.

சத்தம் ஓய்ந்ததும் முதலாளி மெஷினைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

“இந்தக் கத்துறவனுக்கு இன்னா பிரச்சினை மாமு?” என்று தோஸ்து கேட்டான்.

பாடுகிறவனின் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள், அந்த ஊரில் வேறு வேலை இல்லை, ஆல்பம் முழுக்க அதுதான் என்றேன்.

“அப்போ கத்தட்டும் வுடு,” என்றான். “பேரிங் இன்னும் சரியாவலன்னு ஓனர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ இன்னொரு வாட்டி போடு.”