கோமதி டீச்சரின் குரலும் சாயங்காலக் கரண்டும்

பத்தாம் வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். ராயகிரிக்கு மாற்றலாகி வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்று, "செண்பகம் டீச்சர், தென்காசியிலேருந்து போன்" என்றார். பேசியவர் எங்கள் பழைய பள்ளியின் எழுத்தர். "கோமதி டீச்சர் போயிட்டாங்க டீச்சர். காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே..." என்று நிறுத்திவிட்டார். கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே தென்காசி போய்ச் சேர்ந்தேன். வழி முழுக்க எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போகிற வயதா அது?

அவளிடம் அறிவியல் படித்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். டீச்சரைப் போய் அவள் இவள் என்று எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் ஏட்டி போட்டுப் பேசிக்கொண்டவர்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே தெரு. அவள் அறிவியல், நான் தமிழ். கரண்டைப் பற்றி எனக்கு இன்றைக்குத் தெரிந்ததெல்லாம், வேண்டாம் வேண்டாம் என்று நான் காதைப் பொத்தப் பொத்த அவள் சொன்னதுதான்.

அவள் கணவர் சங்கரலிங்கம் அண்ணாச்சிக்குத் துபாயில் கப்பல் பட்டறையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் கோமதி, அவள் மாமியார், கல்யாணமாகாத இரண்டு நாத்தனார்கள். முதல் லீவில் அவர் ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். பேட்டரிக் கட்டை போடுகிற ரகம் இல்லை, சுவரில் செருகினால்தான் பாடும். அங்கிருந்து அவர் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார். இவளும் அப்படியே பேசி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த நாளில் எங்கள் ஊரில் கரண்டு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் ஊரில் விளக்குகள் எரிய, வயல்களில் பம்ப்செட்டுகள் ஓட, பல்பு அழுது வடியும். டேப்பில் அண்ணாச்சி பேசினால் தூக்கக் கலக்கத்தில் உளறுகிற மாதிரி இழுக்கும். பம்ப்செட்டுகள் நின்றதும் பல்பு பளீரென்று எரியும். அதனால் அவருடைய கேசட்டை அவள் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் காலையில்தான் போட்டுக் கேட்பாள்.

இதே கரண்டை வைத்து எங்கள் தெருவில் ஒரு கூத்து நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த செட்டுகளில் பின்னால் ஒரு சின்ன சுவிட்சு இருக்கும், 110 வோல்ட் என்றும் 220 வோல்ட் என்றும். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் சாயங்காலம் பாட்டு இழுக்கிறதே என்று அதை 110க்குத் தள்ளிவிட்டார். பாட்டு கணீரென்று வந்தது. தெருவையே கூப்பிட்டுக் கேட்கவைத்தார். பம்ப்செட்டுகள் நின்றன, செட்டிலிருந்து புகை வந்தது. "110ல நல்லாத்தானே பாடிச்சு டீச்சர்" என்று அவர் புலம்பியபோது கோமதி சொன்னாள்: "நூத்தம்பது வர்ற நேரத்துல நூத்திப்பத்துல வச்சா பாடத்தான் செய்யும், அண்ணாச்சி. இருநூத்து நாப்பது வரும்போது வெந்துரும்லா!" மறுநாள் மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி, தெருவில் டேப் இருந்த வீடுகளுக்கெல்லாம் போய் அந்தச் சுவிட்சுகளின்மேல் ஒட்டிவிட்டு வந்தாள்.

ஊருக்கு இவ்வளவு புத்தி சொன்னவள் தன் விஷயத்தில் கோட்டை விட்டாள். அவளுடைய முதல் கேசட்டைச் சொல்கிறேன். மாமியார் முன்னால் உட்கார்ந்து கணவரிடம் என்ன பேசிவிட முடியும்? வீடு காலியாவது சாயங்காலம் எல்லாரும் கோயிலுக்குப் போகிற நேரத்தில்தான். அப்படி ஒரு சாயங்காலம், தலைவலி என்று சொல்லி வீட்டில் தங்கி, தனியாக உட்கார்ந்து பேசியிருக்கிறாள். உடனே போட்டும் கேட்டாள். குரல் சரியாகவே இருந்தது. பக்கத்து ஊர் சுரண்டைக்காரர் ஒருவர் துபாய் கிளம்பினார், அவர் கையில் கொடுத்தனுப்பினாள்.

அங்கே கரண்டுக்கு என்ன குறை! அண்ணாச்சி ஆசையாகப் போட்டிருக்கிறார். அறையில் கூட இருந்தவர்களும் ஊர்க்காரர் வீட்டுச் சேதி கேட்கலாம் என்று சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். டேப்பிலிருந்து அணில் கத்துகிற மாதிரி ஒரு கீச்சுக் குரல் வந்ததாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அவரும் அதை வேடிக்கையாகவே கடிதத்தில் எழுதிவிட்டார்.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. "கரண்டு கம்மியா இருக்கையில டேப்பு மெதுவா ஓடியிருக்கு. அதுலயே போட்டுக் கேட்டா சரியாத்தான் கேக்கும். முழக்கோலே சுருங்கிப்போச்சு, அதை வச்சு அளந்தா துணி சரியாத்தானே இருக்கும்? அங்கன வேகமா ஓடுது, கீச்சுன்னு கேக்குது. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கவளுக்கு இது தோணலையே, ஏட்டி!" நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள். அப்புறம், "அத்தனை பேரும் கேட்டிருக்கானுவ" என்று மெதுவாகச் சொன்னாள்.

அடுத்த லீவில் அண்ணாச்சி ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்துவிட்டுப் போனார். இரும்புப் பெட்டி, முகப்பில் ஊசி. கரண்டு ஏறி இறங்கும்போதெல்லாம் டக் டக் என்று அடிக்கும். "பெட்டிக்குள்ள பல்லி இருக்குட்டீ" என்பாள் அவள் மாமியார். அதன்பிறகு டேப் எந்த நேரத்திலும் சரியாகத்தான் பாடியது. ஆனால் இவள் பேசவில்லை. அண்ணாச்சி ஒவ்வொரு கேசட்டின் முடிவிலும், "கோமதி, ஒரு வார்த்தை பேசி அனுப்பு" என்பார். இவள் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுவாள். கேசட் எங்கே என்றால், "ஊசி ஆடிக்கிட்டே இருக்கு. நல்ல கரண்டு வரட்டும்" என்பாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. குற்றாலத்தில் ஐந்தருவிப் பக்கம் என் மாமா மகன் ஒரு லாட்ஜ் நடத்தினான். சீசனுக்காக ஜெனரேட்டர் போட்டிருந்தான். சீசன் முடிந்து ஆள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பையும் தூக்கிக்கொண்டு அவளை அங்கே இழுத்துப்போனேன். அறை அமைதியாக இருந்தது. அவளே வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தாள், ஊசி ஆடாமல் ஒரே இடத்தில் நின்றது. நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வராந்தாவில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். "என்னட்டீ, பேசினியா?" என்றேன். "கரண்டு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வாய் வரல. அந்தச் சிரிப்புதான் காதுல கேக்குது" என்றாள். அதற்குப் பிறகு நானும் வற்புறுத்தவில்லை.

அண்ணாச்சி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை அந்த மனுஷனுக்கு. அவர் வந்த அன்று சாயங்காலம் நான் போயிருந்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்துபோய்த் தன் பயணப்பெட்டியைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்தார். அந்த முதல் கேசட். இத்தனை வருஷமும் வைத்திருந்திருக்கிறார்.

"வார்த்தை எல்லாம் எனக்கு மனப்பாடம் டீச்சர். குரல்தான் இல்ல" என்றார்.

போட்டார். ஸ்டெபிலைசர் டக்கென்று அடித்தது. கீச்சுக் குரல் வேகவேகமாக ஓடியது. நாத்தனார்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். தலைக்குமேல் பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டியைக் கழத்துங்க. நேரா சுவர்ல செருகுங்க" என்றேன். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். "செருகுங்க, சொல்லுதேன்லா."

செருகினார். டேப் ஒரு முறை முனகியது. மங்கிய கரண்டில் பதிந்த குரல், அதே மங்கிய கரண்டில் கீச்சு தணிந்து தணிந்து இறங்கிவந்தது. அந்த அறைக்குள் கோமதி பேசினாள்.

"அத்தான், நான்தான் பேசுதேன். வீட்ல யாரும் இல்ல, கோயிலுக்குப் போயிருக்காங்க. என்ன சொல்லன்னு தெரியல. பல்பு அழுது வடியுது. இங்கன எல்லாரும் சுகமாத்தான் இருக்கோம். ஆனா நீங்க இல்லாம எனக்கு நல்லாவே இல்ல. இதை அத்தை முன்னால சொல்ல முடியாதுல்லா. கேக்குதா?"

அவள் மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என் முன்னால சொன்னா என்னம்மா? உன்னக் கடிச்சா தின்னுருவேன்?" என்று டேப்பைப் பார்த்துக் கேட்டு, உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அண்ணாச்சி டேப்புக்குப் பக்கத்தில் குனிந்தார். "கேக்குது கோமதி" என்றார்.

எனக்கு ஆறவே இல்லை. நல்ல கரண்டு வரட்டும், நல்ல கரண்டு வரட்டும் என்று பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாளே. யாரோ நாலு பேர் சிரித்ததற்காகப் பேச்சையே விட்டுவிட்டாளே. பாதிக் கரண்டில் தட்டுத்தடுமாறிப் பேசிய அந்த ஒரு பேச்சுதான் இன்றைக்கு அந்த வீட்டில் மிச்சம்.

ராயகிரியிலும் சாயங்காலம் பல்பு மங்குகிறது. தெருவே கரண்டுக்காரர்களைத் திட்டுகிறது. முன்பெல்லாம் எல்லாருக்கும் முதலில் என் சத்தம்தான் கேட்கும். இப்போது நான் திட்டுவதில்லை. இந்த நேரத்தில் தென்காசியில் அந்த மனுஷன் பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்தக் கேசட்டைப் போட்டு உட்கார்ந்திருப்பார். பம்ப்செட்டுகள் இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கோமதியால் எனக்கு வந்தது இந்த ஒரு பிரார்த்தனைதான்.