நோன்பு நாளில் ஒரு பலாச்சுளை

போன வாரம் சேலத்தில் ஒரு டாக்டர் என்னைக் கடிகாரம் வரையச் சொன்னார். அறுபதைத் தாண்டிய ஆளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி உட்கார வைத்து, பதினொன்று பத்துக்கு முள் போடு என்றால் எப்படியிருக்கும்! நான் சாவியைத் தொலைப்பதும் அடுப்பில் பாலை மறப்பதும் கூடிப்போச்சு என்று மகள்தான் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். முள்ளைச் சரியாகத்தான் போட்டேன். "இப்போதைக்கு ஒண்ணுமில்லீங்க. சக்கரை, பிரஷரைக் கட்டுக்குள்ள வைங்க, தினம் நடங்க, காது மந்தமா இருந்தா மெஷின் போடுங்க, நாலு பேரோட பேசிட்டே இருங்க" என்றார் டாக்டர். பரீட்சையில் பாஸான குஷியில் பஸ் ஏறினேன். ஏற்காட்டு மலையடிவாரத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகப் பலாப்பழ வாசனை வந்தது. அவ்வளவுதான், குஷி போய்விட்டது.

அந்த வாசனை எனக்கு ஆகாது. ஏன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஏற்காட்டில் எங்களுக்கு ஒரு கடை இருந்தது. மிளகு, ஏலக்காய், காப்பித்தூள். என் தகப்பனார், அத்தாதான் கடை. அவர் பேச்சுக்காகவே ஆட்கள் வருவார்கள். வெள்ளக்கடை கிராமத்து ஆள் வந்தால், அங்கே யார் ஊட்டு மாடு கன்று போட்டது என்பதுவரை விசாரித்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார். அந்தப் பேச்சுதான் முதலில் தடுமாறியது. சொன்னதையே மறுபடி சொன்னார். மிளகு கேட்டால் ஏலக்காய் கட்டினார். ஒருநாள் சேலத்துக்குப் போனவர் அடிவாரத்திலேயே இறங்கி உட்கார்ந்துவிட, அடையாளம் தெரிந்த ஒரு கண்டக்டர் திரும்ப ஏற்றி அனுப்பினார்.

நாங்கள் என்ன செய்தோம்? சிரித்தோம். "காது கேக்கல, வேறொண்ணுமில்லீங்க" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னோம். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். பாய்க்குப் புத்தி பிசகிவிட்டதாம் என்று ஒரு வார்த்தை மலை இறங்கினால் போதாதா? நிஜமாகவே அவருக்குக் காதும் மந்தம்தான். ஆனால் மெஷின் வாங்கவில்லை. காது கேட்டுவிட்டால் அப்புறம் எதைச் சாக்குச் சொல்வது? இப்படியும் ஒரு மகன்!

நாற்பது வருசத்துக்கு முந்தைய சங்கதி ஒன்றுகூட அவருக்குத் தப்பாது. எந்த எஸ்டேட்டில் கணக்கெழுத எந்த ரைட்டர் இருந்தார், அவர் சைக்கிள் என்ன நிறம், எல்லாம் சொல்வார். காலையில் தின்ற இட்லி மட்டும் ஞாபகமில்லையாம். நடிக்கிறார் என்றே நினைத்தேன். கடைப் பொறுப்பை என்னிடம் கொடுத்த கடுப்பு என்று எனக்கு நானே விளக்கம் வேறு சொல்லிக்கொண்டேன். புதியது முதலில் போகும், பழையது மெல்லத்தான் போகும், மறதி நோயின் குணமே அதுதான் என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன பிரயோசனம்?

அந்த வருசம் ரமலான் பலா சீசனில் வந்தது. நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை. ஆனால் அவரை நோயாளி என்று நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமே! எல்லோரையும்போல அவரையும் நோன்பு வைக்கச் சொன்னேன். ஒரு மத்தியானம் தொழுதுவிட்டுக் கடைக்குள் நுழைகிறேன், குப்பென்று பலா வாசனை. எங்களுக்கு மிளகு போடும் வாழவந்தி விவசாயி பொன்னுசாமி, தோட்டத்துப் பழத்தில் பாதியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அத்தா ஒரு சுளையை வாயில் அதக்கிக்கொண்டு அடுத்ததைக் கையில் எடுத்திருந்தார். என் பின்னாலேயே பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் நாலு பேர்.

"வெக்கமா இல்லீங்களா அத்தா? நோன்பும் வெச்சுக்கிட்டு எல்லார் முன்னாலயும் இப்படித் திங்கறீங்க?"

கத்தியதோடு விட்டேனா? கையைத் தட்டிவிட்டேன். சுளை தரையில் விழுந்தது. அத்தா மெல்லவும் தெரியாமல் துப்பவும் தெரியாமல் என்னையே பார்த்தார்.

மூலையில் உட்கார்ந்திருந்த பொன்னுசாமிதான் எழுந்து வந்தார். "ஏனுங்க தம்பி, பெரியவரு மறந்து தின்னுட்டாருங்க. மறந்து தின்னா உங்க சாமி ஒண்ணுஞ் சொல்லாதுன்னு அவரே எங்கிட்டச் சொல்லியிருக்காருங்க. நீங்க எதுக்குங்க இப்படிக் கோவிக்கறீங்க?"

உண்மைதான். மறந்து சாப்பிட்டால் நோன்பு முறியாது. மதரஸாவில் அரைக்கால் சட்டை வயசிலேயே சொல்லிக்கொடுத்தது. அதைச் சாக்காக வைத்து நான் மிட்டாய்கூடத் தின்றிருக்கிறேன். படைத்தவன் மன்னித்த மறதியை நான் மன்னிக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாளிலிருந்து அவரைக் கடைக்கு விடவில்லை. "ஊட்லயே நல்லா ரெஸ்ட் எடுங்கத்தா" என்றேன், ஏதோ உபகாரம் செய்கிற மாதிரி. பேச்சே மூச்சாக இருந்த மனிதரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். ஆறே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். மகள் கல்யாணம் முடிந்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது, "முன்னாடியே வந்திருக்கலாமுங்களே" என்ற பேச்சுதான் கிடைத்தது.

கடை இருந்த இடத்தில் இப்போது சாக்லேட் விற்கிறார்கள். பொன்னுசாமியும் இல்லை. அதெல்லாம் போகட்டும். அத்தாவிடமிருந்து கடையின் பெயர் போனது, அம்மாவின் முகம் போனது, தொழுகையில் ஓதுவதும் போனது. நான் மகன் என்பதும் ஒருநாள் போய்விட்டது. என்மேல் இருந்த பயம் மட்டும் போகவே இல்லை. கடைசி வருசம் சோற்றுத் தட்டோடு நான் அறைக்குள் போனால் எழுந்து நிற்கப் பார்ப்பார். புறங்கையால் அவசர அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டு, யாரோ அன்னியனிடம் பேசுவதுபோலச் சொல்வார்:

"நான் ஒண்ணுந் திங்கலீங்க."