எட்வேட் எழுதிய ஏழு கடற்கரைகள்

என்னிடம் விமான ரிக்கெற் போட வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. மலிவாகப் போடச் சொல்கிறவர்கள் ஒரு வகை, அதைவிட மலிவாகப் போடச் சொல்கிறவர்கள் மற்ற வகை. கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் மரக்கறிக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் ஒன்பது வருடமாக இருந்து சென்னைக்கும் லண்டனுக்கும் லூர்துக்கும் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். கடற்கரையில் போய்ச் சும்மா இருப்பதற்கென்று எங்கள் ஆட்கள் எவரும் வந்ததில்லை. ஆகவே 1998 சித்திரையில் ஜூலி வந்து கிரீஸ் என்றபோது, பிள்ளை பகிடி விடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"சீரியஸாச் சொல்லுறன், யோகராணி அன்ரி. செப்டெம்பரிலை அம்மா அப்பாவுக்கு ட்வென்டிஃபிஃப்த் அனிவர்சரி. அப்பா முந்திக் கிரீக் கப்பலிலை இருந்தவர். எல்லா பீச்சும் தெரியும். அம்மா லிஸ்ட்டே தந்திட்டா."

வங்கியில் வேலை செய்யும் பிள்ளை. தன் சம்பளத்தில் பெற்றோரை அனுப்ப ஆசைப்பட்டாள். அவள் தந்த துண்டில் தாய் றோஸ்மேரியின் முத்துமுத்தான எழுத்தில் ஏழு கடற்கரைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு திகதி. அவளுடைய தகப்பன் எட்வேட் அண்ணை கப்பலில் இருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்களின் திகதிகள் அவை. நீலக் கோபுரக் கோயிலுக்குக் கீழே படியிறங்கும் அயா மரீனா, கணவாய் சுட்டுத் தின்ற பெத்ரோஸ் கரை, இப்படியே போய்க் கடைசியில் பெயரில்லாத ஒன்று: 'நீள மணல். அரை மைல் நடந்தாலும் முழங்கால் தண்ணீர். பிள்ளைகள் மணல்வீடு கட்டுகிறார்கள். சனத்தோடு சனமாகக் குளித்தேன்.' அதன் திகதி 1984 பெப்ரவரி 17.

டான்ஃபோர்த் தெருவில் ஒரு கிரேக்கரின் பயண அலுவலகத்துக்குப் போய் ஒரு கட்டு விளம்பரப் புத்தகம் வாங்கி வந்தேன். அயா மரீனா என்ற பெயரில் ஒவ்வொரு தீவிலும் ஒன்று இருந்தது. மற்றப் பெயர்களில் ஒன்றுகூட அகப்படவில்லை.

அடுத்த நாளே எட்வேட் அண்ணை வந்துவிட்டார். டவுன்டவுனில் ஒரு கார் நிறுத்துமிடத்தில், காசு வாங்குகிற கண்ணாடிக் கூண்டுக்குள் பத்து மணித்தியாலம் இருக்கிற வேலை அவருக்கு. அந்த வேலைச் சட்டையோடேயே வந்து, கதவைச் சாத்திவிட்டு, வேறு ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"தங்கச்சி, ஜூலி தந்த துண்டு உம்மட்டை இருக்கே?"

"இருக்கண்ணை. தேடித் தேடிக் கண்ணும் பூத்துப் போச்சு. உந்தக் கடற்கரையள் எங்கை இருக்கு?"

"ஒரு இடமும் இல்லை. நான் கட்டின கதை."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்து முழுவதையும் சொன்னார்.

1983 வைகாசியில் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிக் கப்பலேறியிருக்கிறார். புரட்டாதியில், ஏற்றுவதற்குச் சரக்கு இல்லையென்று முதலாளி கப்பலை ஒரு தீவுக்கு முன்னால் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டார். காவலுக்கு விட்ட நான்கு பேரில் இவர் ஒருவர். விசா இல்லாதவர்கள் கரையில் கால் வைக்கக்கூடாது என்பது துறைமுகப் பொலிசின் கட்டளை. கடவுச்சீட்டு கொம்பனியின் கையில். கிழமைக்கு ஒருமுறை பாணும் தண்ணீரும் கொண்டு ஒரு படகு வரும், கடிதங்களை வாங்கிக்கொண்டு போகும். இப்படிப் பதினான்கு மாதம். கரை கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. நாய் குரைப்பதுகூடக் கேட்டதாம்.

காற்று மாறினால் கப்பல் நங்கூரத்தைச் சுற்றித் திரும்பும். அவருடைய அறையின் வட்ட யன்னலில் ஒரு நாள் கோயில் தெரியும், ஒரு நாள் பாறை தெரியும், ஒரு நாள் நீள மணல் தெரியும். ஒரே கடற்கரைதான். அதை ஏழாக்கி எழுதியிருக்கிறார்.

"ஊரிலை அவளுக்கு ஆயிரம் கரைச்சல். இஞ்சை நானும் அடைபட்டுக் கிடக்கிறன் எண்டு எழுதேலுமே? இறங்கித் திரியிறன், குளிக்கிறன் எண்டு எழுதினன். வாசிச்சுச் சந்தோசப்படட்டும் எண்டு."

றோஸ்மேரி அக்கா சந்தோசப்படவில்லை. 1984 தைக் கடைசியில் அவருக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து, இருபத்திரண்டாம் நாள் காய்ச்சலில் இறந்துபோனது. கொம்பனிக்கு அடித்த தந்தி கப்பலுக்கு வர இரண்டு மாதம் எடுத்தது. ஆனால் சனத்தோடு சனமாகக் குளித்த கடிதம் நேரகாலத்தோடு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. குழந்தை இறந்த அதே திகதியில் எழுதிய கடிதம் அது. வேண்டுமென்று செய்தாலும் இப்படிப் பொருந்தி வராது.

அண்ணை எண்பத்தைந்தில் கனடா வந்து, எண்பத்தேழில் மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் சண்டை ஒரே இடத்தில்தான் போய் முடியும். "நீங்கள் கடற்கரையிலை கிடந்த ஆள்தானே!" பெப்ரவரி பதினேழில் அக்கா அவரோடு ஒரு சொல்லும் பேசமாட்டார். பூசைக்கும் தனியாகவே போவார்.

எனக்கு அண்ணையில்தான் கோபம் வந்தது.

"உண்மையைச் சொல்லித் துலைச்சிருக்கலாமே? என்ன குறைஞ்சு போகும்?"

"வந்த உடனை சொல்லியிருக்க வேணும், தங்கச்சி. விட்டிட்டன். பிறகு சொன்னால் சாட்டுச் சொல்லுறன் எண்டுதான் நினைப்பாள். இப்ப நீர் ஒரு உதவி செய்யும். இதுகளைப் போலை ஏழு கடற்கரை எடுத்துத் தாரும். பேர் மாறிப் போச்செண்டு நான் சமாளிப்பன்."

பொய்க்குத் துணைபோவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. மேசை நிறையப் புத்தகங்களை விரித்துவைத்து இருவரும் தேடினோம். நீலக் கோபுரத்துக்கு நான் காட்டிய முதல் கடற்கரையை அவர் ஒரே பார்வையில் தள்ளிவிட்டார்.

"இது வடக்குப் பாத்த கரை. செப்டெம்பரிலையும் காத்து மணலை அள்ளி முகத்திலை எறியும். றோஸ் இருக்கமாட்டாள். படத்திலை காத்துத் தெரியாது, தங்கச்சி."

எந்தக் கரையில் மாலையில் நிழல் விழும், எங்கே கல் காலை வெட்டும், எங்கே கிழவர்கள் காலையிலேயே வந்து குந்துவார்கள் என்பதெல்லாம் படத்தைப் பார்த்தே சொன்னார். ஒரு கரையிலும் கால் வைக்காத மனிதர்! ஆறு கடற்கரைகளைத் தெரிவுசெய்துவிட்டோம். அவருக்கு உற்சாகம்கூட வந்துவிட்டது. ஏழாவதுக்கு நான் ஒரு பக்கத்தைத் திருப்பினேன். நீள மணல், முழங்கால் தண்ணீர், அச்சொட்டாக அதே கடற்கரை.

அவர் புத்தகத்தைப் படாரென்று மூடினார்.

"உதுதான் அது, கப்பல் நிண்ட கரை. உது வேண்டாம். வேறை ஒண்டு தாரும்."

நான் ஒன்றும் கேட்காமல் வேறு தீவில் ஒரு நீள மணலை எடுத்துக் குறித்து வைத்தேன்.

சனிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். கதை கேட்டதிலிருந்து றோஸ்மேரி அக்காவை ஒரு பத்திரகாளியாக நினைத்து வைத்திருந்தேன். வந்தவர் தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிற, மெலிந்த, குரலே எழும்பாத மனுசி. நான் தேநீர் தர, வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தார். பிறகு கைப்பையிலிருந்து அந்தப் பெப்ரவரிக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"முதல் ஆறையும் நீர் விரும்பினபடி போடும், பிள்ளை. எனக்கு ஏழாவதைக் காட்டும். என்ரை பிள்ளை கண்மூடின நேரம் இவர் குளிச்சுக்கொண்டு நிண்ட இடத்திலை நானும் ஒருக்கா நிண்டு பாக்க வேணும். அப்பிடி என்ன இடமெண்டு பாக்கத்தான் இவ்வளவு தூரம் போறன்."

எட்வேட் அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் எழும்பி ஓடிவிடலாமா என்று யோசித்தேன். சொந்த அலுவலகத்திலிருந்து எங்கே ஓடுவது? பேசி வைத்தபடி மற்றத் தீவின் பக்கத்தை விரித்துக் காட்டினேன்.

அக்கா படத்தைப் பார்க்கவில்லை. கீழே இருந்த பொடி எழுத்தை விரல் வைத்து மெதுவாக வாசித்தார். மாதக் கணக்கில் வெப்பநிலை போட்ட அட்டவணை அது. விரல் ஓரிடத்தில் நின்றது.

"பெப்ரவரி, பன்னிரண்டு டிகிரி. நவம்பர் துடக்கம் மார்ச் மட்டும் எல்லாம் பூட்டு எண்டும் போட்டிருக்கு." அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "இஞ்சாருங்கோ, அங்கையும் வின்ரர் வாறதே?"

அக்கா கடிதத்தை எடுத்து அட்டவணையின் மேல் வைத்தார்.

"பன்னிரண்டு டிகிரிக்குக் கோட்டுப் போடாமல் பால் வாங்கக்கூடப் போகமாட்டியள். மாசி மாசம் ஆரோடை குளிச்சனீங்கள்? எந்தப் பிள்ளையள் மணல்வீடு கட்டினதுகள்?"

ஊரில் அந்தக் கடிதத்தை வாசித்தபோது அவர் குளிர்காலம் என்ற ஒன்றைக் கண்டதில்லை. எழுதியவருக்கும் அது வசதியாக இருந்தது. குளிருது என்று எழுதினால் போர்வை இருக்கா என்று கேட்டு அழுவாள் என்று வெயிலாக எழுதியிருக்கிறார்.

"நான் கரையிலை இறங்கேல்லை, றோஸ்," என்றார் அண்ணை. "ஒரு நாளும் இறங்கேல்லை. எங்களைக் கப்பலுக்குள்ளை விட்டுப் பூட்டினமாதிரி. பதினாலு மாசம்."

மற்றதெல்லாம் தட்டுத்தடுமாறி வந்தது. அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்தபிறகு ஒன்றை மட்டும் கேட்டார்.

"தந்தி வந்த அண்டைக்கு என்ன செய்தனீங்கள்?"

"கப்பலைச் சுத்தி நடந்தன். விடிய விடிய நடந்தன். நடக்க வேறை இடமில்லை."

அக்கா அழப்போகிறார் என்று காகிதக் கைக்குட்டையை நீட்டினேன். அதைத் தட்டிவிட்டார்.

"இவ்வளவு நாளும் ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"உனக்குக் கோவிக்க ஆரும் வேணும் எண்டு நினைச்சன். பிள்ளை போனதுக்கு நீ வேறை ஆரைக் கோவிக்கிறது?"

"நான் கேட்டனானே? கோவிக்க ஒரு ஆளைத் தாங்கோ எண்டு நான் உங்களைக் கேட்டனானே?" முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. மரக்கறிக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "எனக்கு அழ ஒரு ஆள்தான் வேண்டியிருந்தது. பதினாலு வருசம் தனிய அழுதிருக்கிறன். நீங்கள் பக்கத்து அறையிலை இருந்திருக்கிறியள்!"

அண்ணை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. வெளியே யாரோ கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். பூட்டு என்று கையைக் காட்டினேன்.

பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"கப்பலிலையிருந்து இவருக்குத் தெரிஞ்ச கரை மெய்யாய் இருக்கே, பிள்ளை?"

அன்று அண்ணை படாரென்று மூடிய பக்கத்தை எடுத்துக் காட்டினேன்.

"இதை மட்டும் போடும். மற்ற ஆறும் எங்களுக்கு வேண்டாம்."

"என்னாலை ஏலாது, றோஸ்," என்றார் அண்ணை, கையை எடுக்காமலே. "அந்தக் கடலை என்னாலை திரும்பப் பாக்கேலாது."

"உங்களை ஆர் பாக்கச் சொன்னது? கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்ரை பக்கத்திலை இருங்கோ. நான் பாக்கிறன்."