மைதான ஓரத்து பெஞ்ச்

அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட்காரர் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றாரே தவிர, பெயர் ஓய்வு பெறவில்லை. இளவயதிலேயே லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். நகரத்து உயரமான கட்டிடங்களின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைகளெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனைவி இறந்த பிறகு ஐந்தாவது மாடியில் தனியாக இருந்தார். ஒரு ஆளுக்குச் சமைக்கும் அளவு இன்னும் கைக்கு வரவில்லை. எப்போதும் கொஞ்சம் மிஞ்சும்.

ஒரே மகள். பிசியோதெரபி படித்து, தொலைதூர நாடொன்றில் ஒரு ஃபுட்பால் அணியோடு வேலை பார்த்தாள். ஆட்டக்காரர் யாராவது அடிபட்டு விழுந்தால் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுவது அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சு. முட்டி வலி எப்படியிருக்கு?"

"அது பாட்டுக்கு இருக்கு."

அதோடு சரக்கு தீர்ந்துவிடும். பாசத்துக்கு ஒன்றும் குறைவில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். மனைவி இருந்தவரை போன் அவள் கையில்தான் இருக்கும். இவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். தலையாட்டினால் போனில் கேட்காது என்பது அவள் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஆகவே மகளை டிவியில் பார்க்க ஆரம்பித்தார். ஃபுட்பாலில் அவருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. எந்தப் பக்கம் கோல் போடுகிறார்கள் என்பதே பாதி ஆட்டத்துக்கு மேல்தான் பிடிபடும். அதுவும் பழைய டிவி. மைதான ஓரத்து பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே நீலத் தீற்றல். யாராவது விழுந்தால் அந்தத் தீற்றலிலிருந்து ஒரு துளி பிரிந்து ஓடும். ஓடும்போது முழங்கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரியும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூட வாசலிலிருந்து அப்படித்தான் ஓடி வருவாள். அதை வைத்துத்தான் அடையாளம்.

இதனால் ஆட்டம் முழுக்க யாராவது விழ மாட்டார்களா என்று காத்திருக்கும்படி ஆயிற்று. ஒருவன் விழுந்ததும் மனசு துள்ளும். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு புரளும்போது, இவனைப் பெற்றவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து பதறுகிறார்களோ என்று தன்மேலேயே கசப்பு வரும். அவன் எழுந்து நொண்டிக்கொண்டு நடந்துவிட்டால் நிம்மதி பாதி, ஏமாற்றம் பாதி.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே விளம்பரம் வந்தது. இதே ஆட்டங்களை ஃபோர்-கே சேனலில், நேரில் பார்ப்பதுபோலப் பார்க்கலாம் என்றார்கள். மறுநாளே டிஷ் கம்பெனிக்குப் போன் போட்டார்.

வந்த டிஷ்காரர் பெரிய பேச்சாளி. பழைய டிவியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்த டிவிக்கு நான் என்ன பாக்ஸ் போட்டாலும் படம் இப்படித்தான் இருக்கும். டிவியே ஃபோர்-கேயா இருக்கணும், பாக்ஸும் அதுவா இருக்கணும், நடுவுல போற கேபிளும் அதுக்குத் தகுந்ததா இருக்கணும். ஒண்ணு காலை வாரினாலும் போச்சு."

"டிவி வாங்கிடுறேன். அப்புறம் எல்லாச் சேனலும் அப்படித் தெரியுமா?"

"அதான் இல்ல. அதுக்குன்னு இருக்குற சேனல்ல மட்டும்தான். அதுலயும் எப்பவும் மேட்ச் ஓடாது. மேட்ச் இருந்தா மேட்ச், இல்லாட்டி மீன் நீந்திக்கிட்டு இருக்கும்."

"மேட்ச் போதும்."

டிவி வந்தது. கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டது. அடுத்த சிக்கல் பால்கனி. டிஷ் பார்க்க வேண்டிய திசையில் பக்கத்துக் கட்டிடம் முட்டிக்கொண்டு நின்றது. மொட்டை மாடியில் எதையும் மாட்டக் கூடாது என்பது கட்டிடத்துச் சட்டம். எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்துதான் வானம் ஒழுங்காகத் தெரிந்தது. அது ஒரு தையற்காரம்மாவின் வீடு. நாள் முழுக்க மிஷின் சத்தம் கேட்கும். இத்தனை காலம் எதிரெதிரே குடியிருந்தும் படிக்கட்டில் சிரித்ததோடு சரி.

"டிஷ் மாட்டிக்கங்க, எனக்கென்ன," என்றார் அந்த அம்மா, வாயில் ஊசியோடு. "எதுக்கு, சினிமாவா?"

"ஃபுட்பால்."

"அடேயப்பா. ரொம்பப் பிடிக்குமோ?"

"ஒண்ணும் புரியாது."

அந்த அம்மா ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு, மாட்டிக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு மிஷினுக்குத் திரும்பினார்.

முதல் ஆட்டத்தன்று குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். படம் வந்தது. புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. ஆட்டக்காரர்களின் கழுத்தில் வேர்வை உருண்டது. காமிரா பெஞ்சுப் பக்கம் திரும்பியது. யாரும் விழ வேண்டிய அவசியமே இல்லாமல் மகள் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடி போட்டிருந்தாள். நெற்றிக்கு மேலே ஒரு பக்கம் நரை இறங்கியிருந்தது. அவர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். அங்கே குளிர் போலிருக்கிறது, தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த தாடிக்காரர் ஒருவர், அணியைச் சேர்ந்தவர்தான், தன் கோட்டைக் கழற்றி அவள் முதுகில் போட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நன்றி சொல்லவில்லை. பழக்கப்பட்டவள்போல அதை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். காமிரா வேறு பக்கம் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே பேச்சை எடுத்தார்.

"ஏம்மா, கண்ணாடி போடுறியா?"

"அது ரொம்ப நாளாச்சேப்பா. சொல்லலையா? உங்களுக்கு யாரு சொன்னா?"

"டிவியில பாத்தேன். புது டிவி, புது டிஷ்ஷு எல்லாம் போட்டாச்சு. புல்லுகூடத் தனித்தனியாத் தெரியுது."



"பெஞ்சுல இருக்குறவங்க எல்லாம் தெரியுறாங்களா?"

"பக்கத்துல நின்னு பாக்குற மாதிரி இருக்கு," என்றார் பெருமையாக. கோட்டைப் பற்றி வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அது அவள் அம்மா கேட்கவேண்டிய கேள்வி என்று தோன்றியது.

அடுத்த ஆட்டத்தில் முதல் பாதி முழுக்கப் படமே வரவில்லை. சிக்னல் இல்லை என்று எழுத்து மட்டும் நின்றது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். தையற்காரம்மா ஒரு ஈரப் போர்வையை டிஷ்மேலேயே விரித்திருந்தார்.

"நல்லா வட்டமா இருந்துச்சா, போர்வை மடங்காம காயுமேன்னு போட்டேன்," என்று சிரித்துக்கொண்டே உருவினார்.

ஓடிவந்து உட்கார்ந்தபோது காமிரா பெஞ்சைக் காட்டிக்கொண்டிருந்தது. மகள் ஒரு கோடியில் தனியாக, பரீட்சை எழுதும் பிள்ளைபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். தாடிக்காரர் மறு கோடியில். காமிரா வரும்போதெல்லாம் குனிந்து பையில் எதையோ துழாவினாள். ஏதாவது சண்டையாக இருக்குமோ என்று முதலில் நினைத்தார். அடுத்தடுத்த ஆட்டங்களிலும் அப்படியே. ஒருமுறை, காமிரா நகரும் கடைசிக் கணத்தில் மகள் நிமிர்ந்து நேரே பார்த்தாள். சண்டை போட்டவள் முகமல்ல அது. யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தவள் முகம். அந்த யாரோ யார் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை முட்டி வலியெல்லாம் பேசி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்த டிஷ்ஷு சரிப்பட்டு வரலம்மா. எதிர்வீட்டம்மா அதுமேல போர்வையைக் காயப் போடுறாங்க. படம் வர்றதே இல்ல."

"அய்யோ, அப்ப மேட்ச் எதுவும் பாக்குறதில்லையா?"

"எங்க பாக்க? எனக்குத்தான் அது புரியவும் புரியாதே."

"ஆளை வரச்சொல்லி வேற இடத்துல மாத்துங்கப்பா," என்றாள். சொன்ன குரலில் அவசரமில்லை. ஏதோ சுமை இறங்கியதுபோல இருந்தது.

அதற்கடுத்த ஆட்டத்தைச் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தார். மகளும் தாடிக்காரரும் பழையபடி பக்கத்தில் பக்கத்தில். அவர் என்னவோ சொல்ல, இவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். தாய் சிரிப்பதுபோலவே இருந்தது. கண்ணாடியைக் கழற்றி, உரிமையாக அவர் சட்டைக் கையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

வேலையில் இருந்த காலத்தில், லிஃப்ட்டின் கூரைமேல் உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கும்போது உள்ளே வருகிறவர்களின் பேச்சு காதில் விழும். மேலே ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தரங்கமாக ஏதாவது ஆரம்பித்தால் பலமாக ஒருமுறை இருமுவார். கீழே சட்டென்று பேச்சு நிற்கும். அதுதான் மரியாதை என்று எண்ணியிருந்தார். இங்கே எப்படி இருமுவது? ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். சுவர் பெரிய கறுப்பாக நின்றது. அதில் நாற்காலியும் அவரும் மங்கலாகத் தெரிந்தார்கள்.

அதன்பிறகு மகள் இருக்கும் ஆட்டங்களை அவர் பார்க்கவில்லை. ஆட்டம் நடக்கும் சாயங்காலங்களில் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கீழே இறங்கி, தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார். மற்ற நாட்களில் மீன் நீந்துவதைப் பார்ப்பார். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் படிக்கட்டில் கேட்டார்.

"இன்னிக்கு மேட்ச் இருக்கா? போர்வை துவைச்சிருக்கேன்."

"தாராளமாப் போடுங்க. நான் இப்பல்லாம் பாக்குறதில்ல."

"ஏன், அலுத்துப்போச்சா?"

"ஆமா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி சாப்பாட்டிலும் முட்டியிலும் கழிந்தன. மழைக்காலம் முடிந்த பிறகு ஒருமுறை, வைக்கிற நேரத்தில் மகள் போனை வைக்காமல் தயங்கினாள்.

"அப்பா, ஒரு விஷயம். உங்ககிட்ட எப்பவோ சொல்லியிருக்கணும்."

"சொல்லும்மா."

"ஒருத்தர் இருக்கார். எங்க டீம்லதான். கோல்கீப்பருங்களுக்குப் பயிற்சி குடுக்குறவர்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "அப்படியா," என்றார், புதிதாகக் கேட்பவர்போல. "நல்ல மனுஷனா?"

"நல்லவர்தான்பா. கொஞ்சம் சத்தமாப் பேசுவார். உங்களுக்கு வருத்தமா?"

"எனக்கென்ன வருத்தம். குளிர்ல நீ தனியா இருக்கியேன்னுதான் நினைச்சுக்கிட்டே இருப்பேன். ஆளு எப்படி இருப்பார்?"

தெரிந்ததைத்தான் கேட்டார். அவள் வாயால் கேட்கவேண்டும்போல இருந்தது.

"நல்ல உயரம். தாடி வச்சிருந்தார். குத்துதுன்னு சொல்லிச் சொல்லி இப்பத்தான் எடுக்க வச்சேன்."

தாடி போய்விட்டதா. அவர் மனதில் இருந்த முகம் கலைந்துவிட்டது. இனி அது அவருக்குத் தெரியாத முகம்.

"அப்ப இப்ப எப்படி இருக்கார்?" என்றார். இந்தத் தடவை நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

மகள் சொல்ல ஆரம்பித்தாள். மோவாயில் ஒரு தழும்பு இருக்கிறதாம், அதை மறைக்கத்தான் தாடியே வைத்திருந்தாராம். அந்தத் தழும்பு வந்த கதையைச் சொன்னாள். அவருடைய அம்மாவைப் பற்றிச் சொன்னாள். லீவு கிடைத்தால் இரண்டு பேரும் வருவதாகச் சொன்னாள். எப்போது என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வழக்கமாக நின்று போகும் இடத்தையெல்லாம் தாண்டிப் பேச்சு போய்க்கொண்டே இருந்தது. இவர் "ம்", "ம்" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

போனை வைத்த பிறகும் காது சூடாக இருந்தது. வீடு அமைதியாக இருந்தது. எதிர்வீட்டு மிஷின்கூட ஓடவில்லை. சுவிட்ச் எதையும் தட்டாமல், வெளிச்சம் போகும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.