அராபா அக்கா போட்ட மார்க்

தக்கோராடி சந்தையில் ஐஸ் மீன் விற்கும் அராபா அக்கா, ஆளுங்கட்சி மகளிர் அணித் தலைவி. அவளுடைய ஐஸ்பெட்டி மேல் அதிபர் படம் சிரிக்கும். கரண்ட் போய்ப் போய் உள்ளே இருந்த மீன்தான் இந்த மாதம் இரண்டு தடவை அழுகியது.

அதிபருக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று வானொலியில் கேட்டார்கள். பக்கத்துக் கடை தக்காளி வியாபாரி கோபினா எதிர்க்கட்சி. தினமும் போன் போட்டு அதிபரைத் திட்டுவதே அவருக்கு வேலை.

"சைபர்" என்றார்.

அக்காவும் போன் போட்டாள். "ரோட்டுக்கு எட்டு. கரண்டுக்கு ஒண்ணு. என் மீன் எங்க கட்சிதான், அதுவும் அழுகுதே."

"உன் பதவி போச்சு, அராபா" என்றார் கோபினா.

"போகட்டும். அந்த ரோட்டுலதானே அண்ணே, தக்காளி நசுங்காம வருது?"

கோபினா முணுமுணுத்துக்கொண்டே மறுபடி போன் போட்டார். "ரோட்டுக்கு மட்டும் ஒரு மார்க். அதுக்கு மேல கேக்காதீங்க."

சாயங்காலம் கட்சிக்காரர்கள் வந்தார்கள். அக்கா ராஜினாமா செய்யத் தயாராக நின்றாள். அவர்களோ, கரண்டைப் பற்றி மாவட்டக் கூட்டத்தில் அவளே பேச வேண்டும் என்றார்கள்.