வேப்பமர நிழலில் வேகம் குறைந்த பந்து

சித்திரை வெயிலில் வேலை மெனக்கெட்டு விழுப்புரம் பக்கம் யாராவது போவார்களா? போன ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். என் நாத்தனார் வசந்தாவின் மகள் அனிதா பேஸ்பால் ஆடுகிறாள். பந்து எறிபவள். மாநில அணிப் பயிற்சி முகாமுக்கு அவள் எறிவதை வீடியோ எடுத்து அன்று ராத்திரிக்குள் அனுப்ப வேண்டும். பந்தின் வேகம் மணிக்குத் தொண்ணூற்றைந்து கிலோமீட்டராவது இருக்க வேண்டும், அளக்கும் கருவியின் எண்ணும் வீடியோவில் தெரிய வேண்டும். அவள் கல்லூரியில் கருவிக்கு எங்கே போவது? சென்னையில் கிரிக்கெட் பயிற்சி கொடுக்கும் தோழியிடம் கெஞ்சி ஒன்றை இரவல் வாங்கினேன். உள்ளங்கையளவு வேகமானி, பெயர் ராடார்.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறரைக்கு பஸ். விழுப்புரம் சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர், டிக்கெட் நூற்றைம்பது ரூபாய்க்குள். திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தினார்கள். எனக்குக் கை சும்மா இருக்குமா? ரோட்டோரம் நின்று, வருகிற லாரியை நோக்கி ராடாரை நீட்டினேன். தூரத்தில் வரும்போது ஐம்பத்தெட்டு காட்டியது. அதே லாரி என் பக்கவாட்டில் தாண்டும்போது இருபது. மட்டமான கருவி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பஸ் டிரைவர் டீ கிளாஸோடு ஓடி வந்தார்.

“யம்மா, நீங்க டிராபிக் போலீஸா? சொல்லவேயில்லியே! நான் மெதுவாத்தாம்மா ஓட்டிக்கினு வந்தேன்!”

பேஸ்பால் என்று விளக்கினேன். மனிதர் நம்பவில்லை. விழுப்புரம் வரைக்கும் பஸ் மாட்டுவண்டி வேகத்தில்தான் போனது.

அங்கிருந்து வசந்தாவின் ஊரான கெடாருக்கு டவுன் பஸ், பதினைந்து கிலோமீட்டர் போல. பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இறங்கியதும் வசந்தா என் பையைப் பிடுங்கிக்கொண்டாள். கேப்பைக் கூழும் வெங்காயமும் உள்ளே போகாமல் பந்து பற்றிப் பேசவே விடவில்லை.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய கொல்லைதான் மைதானம். வசந்தாவின் கணவர் ஏழுமலை, கொத்தனார், கட்டடம் அளக்கிற டேப்பை இழுத்து, எறிபவருக்கும் பிடிப்பவருக்கும் நடுவே பதினெட்டரை மீட்டர் குறித்தார். மகள் எறிகிற பந்தைப் பிடிப்பவரும் அவர்தான். கிரிக்கெட் கீப்பர் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு குந்தினார்.

நான் அவர் பக்கம் நகர்ந்தேனோ இல்லையோ, வசந்தா கத்தினாள். “இன்னா அண்ணி, வெயில்ல நின்னுக்கினு? இங்க வந்து நெழல்ல குந்துங்க!” ஓரத்து வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சொம்பு மோர். மறுத்தால் மனசு சங்கடப்படுவாள். உட்கார்ந்துவிட்டேன்.

அனிதா எறிந்தாள். எழுபத்தாறு. மறுபடி எழுபத்தெட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தாள், எழுபத்தேழு. அதற்கு மேல் ஏறவே இல்லை. பந்தைக் கீழே போட்டுவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்தாள். “வுடு அத்தை. எனக்கு அவ்ளோதான். சும்மா ஒன்ன வேற பேஜாரு பண்ணிட்டேன்.” கண் கலங்கிவிட்டது. ஏழுமலை கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினார், கன்றிச் சிவந்திருந்தது. “இது எழுவத்தேழா? என் கைய கேளுக்கா!”

அப்போதுதான் திண்டிவனத்து லாரி ஞாபகம் வந்தது. அடச்சே! இந்தக் கருவி தன்னை நோக்கி நேராக வருவதைத்தான் சரியாக அளக்கும். பக்கத்திலிருந்து பிடித்தால் குறைத்துத்தான் காட்டும். நான் சொகுசாக நிழலில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் வேகத்தைத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்!

எழுந்து, ஒரு கையில் ராடாரும் மறு கையில் வீடியோ எடுக்கும் போனுமாக, நேராக ஏழுமலையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் தவறவிட்டால் பந்து என் மேல்தான். “அண்ணி, மண்ட காஞ்சிப்புடும், வேணாம்!” என்று வசந்தா. “சும்மா இரு வசந்தா!” என்று நான். வந்ததிலிருந்து அவளை அதட்டியது அந்த ஒரு தடவைதான்.

தொண்ணூற்று நான்கு. அனிதா நிமிர்ந்தாள். அடுத்தது தொண்ணூற்றாறு! கூத்தாடினோம். ஆனால் போனில் வீடியோவைப் பார்த்தால், வெயில் பளபளப்பில் கருவியின் முகம் வெறும் வெள்ளை. எண் தெரியவே இல்லை. மறுபடி எறியச் சொன்னேன். அவளுக்கோ தோள் தளர்ந்துகொண்டிருந்தது. தொண்ணூற்று மூன்று. இரண்டு எறிக்கு மேல் தாங்காது என்றாள்.

திடீரென்று என் தலைமேல் இருட்டியது. திரும்பினால் வசந்தா, பெரிய கறுப்புக் குடையோடு. “நீங்கதான் நெழலுக்கு வர மாட்டேன்றீங்க.” வீடியோ பற்றி அவளுக்குக் கவலையே இல்லை, என் தலை பற்றித்தான். கருவியின் மேல் குடை நிழல் விழுந்தது. எண்கள் பளிச்சென்று தெரிந்தன.

“எறிடீ!” என்றேன். தொண்ணூற்றேழு.

போகிறவர்களுக்கு: ராடாரைப் பந்து பிடிப்பவரின் முதுகுக்குப் பின்னால், நேர்கோட்டில் பிடியுங்கள். குடை கட்டாயம். நேரமிருந்தால் பனமலைக் கோயிலையும் ஏரியையும் பார்த்துவிட்டு வாருங்கள், நான் பார்க்கவில்லை.

முகாமுக்கு அழைப்பு வந்துவிட்டது. அனிதா போனில் கத்திய கத்தலில் என் காதே அடைத்துவிட்டது. அப்புறம் வசந்தா போனை வாங்கினாள். மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“அடுத்த தபா மார்கழில வாங்க அண்ணி. வெயிலே இருக்காது.”