அம்மா கேட்ட பொஞ்சிஸ்

ஈரமான பீன்ஸுக்கென்று ஒரு பச்சை வாசம் உண்டு; அன்று நான் அலசிக்கொண்டிருந்த பீன்ஸில் அதோடு மூக்கைக் குத்துகிற வேறொரு வாடையும் இருந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. பீடோர் பக்கத்தில், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய் தரும் செம்பனை போட்டிருந்த ஒரு தோட்டத்தின் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். அப்பாவுக்குச் செம்பனைக்கு அடியில் முளைக்கும் புல்லுக்கு 'மருந்தடிக்கிற', அதாவது களைக்கொல்லி தெளிக்கிற வேலை. அம்மா ஏழு மாதக் கர்ப்பிணி. நான்கு நாளாக எது சாப்பிட்டாலும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவள் அன்று காலை, "பொஞ்சிஸ் பெரட்டிக் குடுத்தா ரெண்டு வாய் சாப்பிடுவேன்" என்றாள். பீன்ஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். காய்கறி லோரியின் ஹாரன் கேட்டதும், கதவுக்குப் பின்னால் தொங்கிய துணிப்பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். லோரிக்காரச் சீனர், "இது மூடா லா, நல்ல பிஞ்சு" என்று பார்த்துப் பார்த்து அள்ளிப் போட்டார்.

அந்த வாடை காய் விளைந்த இடத்தில் அடித்த மருந்தாக இருக்கும் என்று நினைத்து மூன்று முறை அலசினேன். அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் சாப்பிட மாட்டாளே என்ற பயத்தில் சொல்லாமல் விட்டேன். வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளித்துப் பிரட்டிக் கொடுத்ததை, அவள் ஒரு தட்டுச் சோற்றோடு வழித்துச் சாப்பிட்டாள்.

மத்தியானம் வேலை முடிந்து வந்த அப்பா கதவுக்குப் பின்னால் பார்த்தார். "கையுறை, மூக்குத்துணி எல்லாம் போட்டுக் கொண்டாந்த பை எங்க? தொவைக்கணும்."

கையுறைகளை முதல் நாளே கொல்லையில் எடுத்துப் போட்டிருக்கிறார். வெறும் பை மட்டும் அங்கே தொங்கியிருக்கிறது; அதில்தான் நான் பீன்ஸ் வாங்கி வந்திருக்கிறேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா அம்மாவைக் கைத்தாங்கலாகத் தோட்டத்து மருந்தகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே நோய் பார்க்கும் 'டிரசர்' விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறி, "யாரு செஞ்சது இது?" என்று அதட்டினார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "நாந்தாங்க. மருந்துப் பைய வீட்டுக்குள்ள கொண்டாந்து மாட்டுனது நாந்தான்."

அம்மாவை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டு அக்காதான் எனக்குச் சோறு ஊட்டினாள். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம், கெட்ட சேதியோ என்று சாமி அறைக்குள் ஓடிப்போய் நின்றுகொண்டேன். மூன்றாம் நாள் அம்மா தானே நடந்து வந்தாள். வயிற்றின் மேல் என் கையை வைத்து, "பாரு, எப்படி ஒதைக்கிறான்னு" என்றாள். பிறந்தது தங்கை. குறையொன்றும் இல்லை என்று செவிலி சொன்ன பிறகும், ஒரு வருடம் அவள் தூங்கும்போதெல்லாம் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று ஈப்போவின் புந்தோங்கில் அடுத்தடுத்த தெருவில் இருக்கிறோம், தங்கையும் நானும். அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். காய்கறி லோரி வந்து நின்ற இடம் எதுவென்று என்னாலேயே காட்ட முடியாது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சாகும்வரை அந்தப் பழியை அவர் என்மேல் திருப்பவே இல்லை. தங்கைக்கு நான் இதை இன்னும் சொல்லவில்லை.